பழைய காரை ரேஸ் காராக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: பெங்களூரு ஒர்க்‌ஷாப்பில் நடந்த மோசடி

பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் அமெச்சூர் ரேஸ் ஓட்டுவதற்காக பெங்களூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தோம். பில்லில் வரிவரியாக இருந்தது: எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) ஸ்பெக் சீம்லெஸ் (நீளவாக்கில் ஒட்டு இல்லாத குழாய்) ரோல் கேஜ் (கார் உருண்டால் டிரைவரைக் காக்கும் குழாய்க்கூண்டு), ஆறு பாயின்ட் ஹார்னெஸ் (ஆறு இடத்தில் மாட்டும் ரேஸ் பெல்ட்), ரேசிங் பிரேக் ஆயில், ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடித்து உருவாக்கிய வலுவான பிஸ்டன்), டைனோ ட்யூனிங் (பவர் அளக்கும் மெஷினில் எஞ்சினைச் சரிசெய்வது). ரேஸுக்கு முன் நடக்கும் பரிசோதனையான ஸ்க்ரூட்டினியில் கேஜைப் பார்த்ததுமே காரை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். அந்த ஐந்து வரிகளில் ஒன்றுகூட உண்மை இல்லை. எஸ்டீம், பாலியோ, ஐகான் என்று எந்தக் காரைக் கொடுத்தாலும் ஏமாற்றும் இடங்கள் இவைதான் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் கேஜ். உயிர் இதில்தான் இருக்கிறது. "எஃப்ஐஏ ஸ்பெக்" என்று பில்லில் எழுதினால், அது எஃப்ஐஏ விதிகளின் இணைப்பு ஜே, பிரிவு 253-ல் சொல்லியிருப்பதுபோல இருக்க வேண்டும். டிரைவரின் தலைக்குப் பின்னால் நிற்கும் மெயின் ஹூப்புக்குக் குறைந்தது 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ., 2 மி.மீ. மற்றக் குழாய்களுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. எல்லாமே கோல்டு டிரான் சீம்லெஸ் கார்பன் ஸ்டீல். இந்தக் காரில் மெயின் ஹூப் உட்பட எல்லாம் 38 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. கனம். நாற்காலியும் கேட்டும் செய்கிற ஈ.ஆர்.டபிள்யூ. குழாய், அதாவது தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் வெல்டு பண்ணியது.

பெயின்ட் அடித்து ஃபோம் சுற்றிய பிறகு இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எடைதான் காட்டிக்கொடுக்கும். 45-க்கு 2.5 குழாய் மீட்டருக்கு சுமார் 2.6 கிலோ, 38-க்கு 2.5 சுமார் 2.2 கிலோ, 38-க்கு 1.6 வெறும் 1.4 கிலோ. மெயின் ஹூப்புக்கு 4 மீட்டர், மீதிக்கு 20 மீட்டர் என்று வைத்தால் சரியான கேஜ் 54 கிலோ வரும், இந்த மாதிரி கேஜ் 35 கிலோவுக்குள் முடிந்துவிடும். குழாய் வாங்கும்போதே எடைச் சீட்டையும் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டையும் (குழாய் ஆலை தரும் தரச் சான்று) கேட்டு வாங்குங்கள். சர்டிஃபிகேட்டில் உள்ள ஹீட் நம்பர் (ஸ்டீலை உருக்கிய தொகுதியின் எண்) குழாயில் அச்சிட்ட நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெட்டிய முனைக்குள் விரல் விட்டுத் தடவுங்கள். நீளவாக்கில் தழும்பு தட்டினால் அது சீம்லெஸ் இல்லை. தட்டாவிட்டாலும் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள், உள் தழும்பைச் செதுக்கி எடுத்த ஈ.ஆர்.டபிள்யூ. குழாயும் சந்தையில் கிடைக்கிறது.

வெல்டிங்கில் நடந்தது இன்னும் மோசம். கூரையை ஒட்டி வரும் மூட்டுகளில் மேல் பக்கத்துக்கு வெல்டிங் டார்ச் எட்டாது. சரியாகச் செய்பவர்கள் கேஜின் கால்கள் உட்காரும் இடத்தில் தரையை வெட்டி, கேஜை ஒரு சாண் கீழே இறக்கி, மேல் மூட்டுகளைச் சுற்றிலும் வெல்டு பண்ணி, திரும்பத் தூக்கி நிறுத்தி, அதற்குப் பிறகுதான் அடியில் பிளேட் வைத்து முடிப்பார்கள். இல்லையென்றால் கூரைத் தகட்டையே கழற்றுவார்கள். இதற்கு நாளும் கூலியும் அதிகம். எனவே கைக்கு எட்டிய பாதியை மட்டும் வெல்டு பண்ணிவிட்டு, மேல் பாதியில் பாடி பட்டியை (பெயின்டுக்கு முன் பள்ளம் நிரப்பப் பூசும் பசை) அடைத்து, தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியையும் டார்ச் லைட்டையும் வைத்துப் பார்த்தபோது மூட்டு வழவழவென்று அழகாகவே தெரிந்தது. அந்த வழவழப்புதான் சந்தேகத்தைக் கிளப்பியது, வெல்டு என்றால் அலை அலையாக வரி இருக்க வேண்டும். கத்தி முனையால் சுரண்டியதும் பட்டி உதிர்ந்தது. இரண்டு குழாய்களுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. கண்ணுக்குத் தெரிந்த பக்கத்திலும் வெல்டைக் கிரைண்டரால் தேய்த்து மட்டமாக்கியிருந்தார்கள். அப்படித் தேய்த்தால் மூட்டின் பலம் குறைந்துவிடும்.

கால்கள்: போல்ட் போட்டு இறுக்கும் கேஜ் என்றால் ஒவ்வொரு காலுக்கும் தரைக்கு அடியில் குறைந்தது 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள பிளேட், மூன்று எம்8 போல்ட், 8.8 கிரேடு. இங்கே இரண்டு போல்ட், சாதாரண வாஷர், பிளேட்டே இல்லை. தரைத் தகடு 1 மி.மீ. கனம்கூடக் கிடையாது. அண்டர்கோட்டைச் சுரண்டினால் துரு. கார் உருண்டால் இந்தக் கால் தகட்டைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும்.

ஹார்னெஸில் ஒட்டியிருந்தது வெறும் ஸ்டிக்கர். அசல் பெல்ட்டில் 8853/98 (பழையது) அல்லது 8853-2016 (புதியது) என்ற எஃப்ஐஏ தர எண்ணோடு, எந்த ஆண்டு வரை செல்லும் என்பதும் போட்ட லேபிள் பெல்ட்டிலேயே தைத்திருக்கும். அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியல் எஃப்ஐஏ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, வாங்கும் முன் அதோடு சரிபாருங்கள். தோள் பட்டைகளை சீட்டுக்குப் பின்னால் நேராகத் தரையில் இறக்கி மாட்டியிருந்தார்கள். கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் கீழே போனால், முன்பக்கம் மோதும்போது பட்டை தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை நசுக்கும். கேஜில் குறுக்குக் குழாய் ஒன்று போட்டு அதில் சுற்றுவதுதான் முறை.

ஆபத்தில் கரண்டையும் எஞ்சினையும் ஒரேயடியாக நிறுத்தும் கில் சுவிட்சைத் திருப்பினால் எஞ்சின் நிற்கவில்லை. பேட்டரியை மட்டும் துண்டித்திருக்கிறார்கள், ஆல்டர்னேட்டர் இக்னிஷனுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தது. கூடுதல் கான்டாக்ட் உள்ள சுவிட்ச் வேண்டும். டெலிவரி எடுக்கும்போது 2,000 ஆர்.பி.எம்.-ல் வைத்துத் திருப்பிப் பாருங்கள், அரை நிமிட வேலை.

பிரேக் ஆயிலை டெஸ்டரில் கொதிக்க வைத்தால் டாட் 3 (பிரேக் ஆயிலின் அடிப்படைத் தரம்) அளவுக்குக்கூட வரவில்லை. புதிதாக இருக்கும்போது டாட் 3 என்றால் 205 டிகிரி, டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். சீல் உடையாத பாட்டிலை நீங்களே வாங்கிக் கொண்டுபோய் எதிரிலேயே ஊற்றச் சொல்லுங்கள்.

எஞ்சினில் இருந்தது காரோடு வந்த கம்பெனி பிஸ்டன்தான். எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டை மட்டும் ஃபேசிங் பண்ணி, அதாவது அடிப்பக்கத்தைச் செதுக்கி, கம்ப்ரெஷனைக் கூட்டியிருந்தார்கள். ஹெட்டைச் செதுக்கினால் கேம் டைமிங் (வால்வு திறந்து மூடும் நேரம்) பின்தங்கும், அதைச் சரிசெய்ய அட்ஜஸ்டபிள் கேம் கியர் வேண்டும். அதுவும் இல்லை. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பிஸ்டன் கைக்கு வரவில்லை என்றால் அது இன்னும் பிளாக்குக்குள்தான் இருக்கும்.

டைனோ விஷயத்தில் பெங்களூருக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவு. முழு த்ராட்டிலிலும் மேனிஃபோல்டு பிரஷர் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) 90 கிலோபாஸ்கலைத் தொடுவதே பெரிய விஷயம். ஆகவே ஈ.சி.யு. (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) மேப்பில், அதாவது எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணையில், 95, 100 கிலோபாஸ்கல் வரிசைகளை இங்கே யாரும் ட்யூன் பண்ணவே முடியாது, அவை உத்தேச எண்களாகவே கிடக்கும். கார் இருங்காட்டுக்கோட்டைக்கு இறங்கியதும் முழு த்ராட்டிலில் நேராக அந்த வரிசைகளில்தான் ஓடும். அடர்த்தியான காற்று, சென்னை வெயில், கூட்டிய கம்ப்ரெஷன், லீன் மிக்ஸ்சர் (பெட்ரோல் குறைந்த கலவை) எல்லாம் சேர்ந்தால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்து பிஸ்டன் உடையும். எங்கள் மேப்பில் அந்த வரிசைகள் முழுக்க ஒரே எண்ணைக் காப்பி அடித்து வைத்திருந்தார்கள். ட்ராக்கில் வைடுபேண்டு (கலவையின் அளவை அளக்கும் சென்சார்) மாட்டி அவற்றை ட்யூன் பண்ணித் தருவேன் என்று ஒப்புக்கொள்ளாத ட்யூனரிடம் போகாதீர்கள். பவர் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம், காற்றழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப அதைத் திருத்திக் காட்டுவது (கரெக்‌ஷன்) உண்டு. கரெக்‌ஷன் போட்டதா, சக்கரத்தில் வரும் பவரா, எஞ்சின் கிராங்கில் வரும் பவரா என்று கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே கரெக்‌ஷனில் எடுத்த இரண்டு ஷீட் வேண்டும்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: குழாயும் சர்டிஃபிகேட்டும் வந்ததும் ஒரு பங்கு, வெல்டிங் முடிந்து, பெயின்டுக்கு முன், விவரம் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு மூட்டையும் பார்த்த பிறகு ஒரு பங்கு, எஞ்சினை மூடும் முன் பிஸ்டனையும் போர் அளவையும் படம் எடுத்த பிறகு ஒரு பங்கு. "பெயின்ட் அடித்துவிட்டோம், வந்து பாருங்கள்" என்று சொல்லும் இடத்தில் அடுத்த ரூபாயைக் கொடுக்காதீர்கள். வேலை தொடங்கும் முன் நீங்கள் ஓடப்போகும் கிளாஸின் விதிப்புத்தகத்தைப் படித்து, எந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு என்று குறித்துக் கொடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வெட்டிய குழாய்த் துண்டு, உதிர்ந்த பட்டி, போலி லேபிள், ஸ்க்ரூட்டினி அறிக்கை, ஜி.எஸ்.டி. பில் எல்லாம் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். எங்கள் புகாரோடு மெயின் ஹூப்பிலிருந்து அறுத்த ஒரு துண்டையும், அதன் கனத்தை வெர்னியரில் அளந்த படத்தையும் சேர்த்திருக்கிறோம்.