பிருத்வியா, கிராண்ட் தியேட்டரா?

மும்பையின் மாட்டுங்காவிலிருந்து இந்த இரண்டு நாடக அரங்குகளுமே எட்டும் தூரந்தான். 2023இல் பாந்த்ரா குர்லா வளாகத்தில் திறக்கப்பட்ட, நீதா முகேஷ் அம்பானி கலாச்சார மையத்தின் 2,000 இருக்கைகள் கொண்ட கிராண்ட் தியேட்டரில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' போன்ற இசை நாடகங்கள் பெரும் அரங்க அமைப்புகளோடு மேடையேறியுள்ளன. ஆனால் பின்வரிசையில் அமர்ந்தால் பாட்டு வந்து சேருமே தவிர, முகபாவம் தெரியாது.

ஜுஹுவில் 1978 முதல் இயங்கும் பிருத்வியிலோ ஏறத்தாழ 200 இருக்கைகளே உள்ளன. மேடையின் மூன்று பக்கங்களிலும் பார்வையாளர்கள் சூழ்ந்திருப்பதால், நடிகரின் நெற்றி வியர்வையும், நீண்ட வசனத்துக்கு முன் அவர் இழுக்கும் மூச்சும்கூட நம் கவனத்துக்குத் தப்புவதில்லை. தாமதமாக வருபவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், வில்லே பார்லே ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்கும் நேரத்தையும் (மழைக்காலத்தில் அதற்கு மேலும்) கணக்கில் கொள்ள வேண்டும்.

இசை நாடகத்துக்கு கிராண்ட் தியேட்டரையும் வசன நாடகத்துக்குப் பிருத்வியையும் தேர்ந்தெடுக்கலாம். ஒரு மாலைதான் வாய்க்குமென்றால், நான் ஜுஹுவுக்கே போவேன்.