பர்ச்சேஸ் ஆர்டர் அப்ரூவல் செட்டப் செய்து தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை

கோவைப் பக்கம் பம்ப்செட் மோட்டார் தயாரிக்கும் ஒரு சிறு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சமீபத்தில் ஓடூவுக்கு (Odoo, பர்ச்சேஸ், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர்) மாறினோம். சாஃப்ட்வேர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதைப் போட்டுக் கொடுத்தவர்கள் செய்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீங்களும் ஓடூ போட்டுக்கொண்டிருந்தால், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

நாங்கள் கேட்டது இரண்டு கட்ட அப்ரூவல். ஒரு லட்சத்துக்கு மேல் போனால் பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) மேனேஜரின் ஒப்புதலுக்காக நிற்க வேண்டும், ஐந்து லட்சம் தாண்டினால் முதலாளியும் பார்க்க வேண்டும். கொட்டேஷனில் இதற்கென்றே 'கஸ்டமைசேஷன்' என்று தனித் தொகை போட்டிருந்தார்கள். டெமோவில் அவர்களுடைய லாகினில் ஒரு பி.ஓ. போட்டுக் காட்டினார்கள். 'டு அப்ரூவ்' என்று ஒழுங்காக நின்றது. பணம் முழுவதும் செட்டில் ஆனது.

அப்புறம்தான் வைண்டிங் வயர் பில் ஒன்று கைக்கு வந்தது. கிலோ 938 ரூபாய். பி.ஓ. திரையிலும் 938. ஆனால் சப்ளையருக்கு மெயிலில் போன பி.டி.எஃப். அதே திரையின் கீழேயே இருக்கிறது, அதில் 912! கன்ஃபர்ம் ஆன பிறகு ரேட் மாறியிருக்கிறது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஆர்டர் அது. மேனேஜரைக் கேட்டேன். "என்கிட்ட வரவே இல்லைங்க மேடம்" என்றார். ஆர்டரில் நடந்ததெல்லாம் பதிவாகும் பட்டியலைப் பார்த்தால் ஆர்எஃப்கியூவிலிருந்து (சப்ளையரிடம் விலை கேட்கும் நிலை) நேராக பர்ச்சேஸ் ஆர்டர், நடுவில் 'டு அப்ரூவ்' இல்லை. பழையவற்றையும் திறந்து பார்த்தேன். லட்சத்தைத் தாண்டிய ஒன்றுகூட யாரிடமும் நின்றிருக்கவில்லை.

காப்பர் விலை ஏறிவிட்டது என்று சப்ளையர் போனில் சொன்னதும் பர்ச்சேஸ் தம்பி ரேட்டை மாற்றியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், திரை விட்டது, மாற்றினார்.

காரணம் இதுதான். ஓடூவில் பர்ச்சேஸுக்கு 'யூசர்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இரண்டு உரிமை உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ளவர் போடும் பி.ஓ. எவ்வளவு தொகையானாலும் அப்ரூவலுக்கு நிற்காது, ஏனென்றால் அப்ரூவ் செய்யும் அதிகாரமே அவரிடம்தான் இருக்கிறது. எங்கள் பர்ச்சேஸ் ஆட்கள் எல்லோருக்கும் அதையே கொடுத்து வைத்திருந்தார்கள். போன் போட்டுக் கேட்டால், "டிரெய்னிங்ல அடிக்கடி எரர் வந்துச்சு மேடம், அதான் எல்லாருக்கும் ஃபுல் ரைட்ஸ் குடுத்துட்டோம்" என்கிறார்கள். பூட்டு விற்றவரே எல்லோருக்கும் சாவியும் கொடுத்துவிட்டுப் போன கதை.

கஸ்டமைசேஷன் என்று காசு வாங்கியது எதற்கென்று பார்த்தேன். பர்ச்சேஸ் செட்டிங்ஸில் 'பர்ச்சேஸ் ஆர்டர் அப்ரூவல்' என்று ஏற்கெனவே இருக்கும் ஒரு டிக், பக்கத்தில் குறைந்தபட்சத் தொகை. அவ்வளவுதான் செய்திருக்கிறார்கள். அங்கே ஒரே ஒரு தொகைதான் போட முடியும். ஐந்து லட்சத்துக்கான இரண்டாவது கட்டம் எங்கேயும் இல்லை. கன்ஃபர்ம் ஆனதை யாரும் திருத்தாமல் இருக்க 'லாக் கன்ஃபர்ம்டு ஆர்டர்ஸ்' என்று அங்கேயே இன்னொரு டிக் இருக்கிறது. அதைத் தொடவே இல்லை. இதையெல்லாம் சரிசெய்யச் சொன்னால் முதலில் ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடுங்கள் என்கிறார்கள். இதற்குப் பெயர் சர்வீஸா?

உரிமைகளையும் லாக்கையும் நாங்களே மாற்றிக்கொண்டோம். செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் இல்லை.

டெமோவை அவர்கள் லாகினில் பார்க்காதீர்கள். உங்கள் பர்ச்சேஸ் ஆளையே உட்காரவைத்து, அவருடைய லாகினில் லிமிட்டுக்கு மேல் ஒரு பி.ஓ. போடச் சொல்லுங்கள். மேனேஜர் அப்ரூவ் செய்த பிறகு அதே ஆளை ரேட்டை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் உங்கள் கண்முன் நடக்காமல் கடைசிச் செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். லிமிட்டைச் சொல்லும்போது இன்னொன்று: அது பார்ப்பது வரி சேர்த்த தொகையை. 90,000 ரூபாய்ச் சரக்கு 18% ஜிஎஸ்டியோடு 1,06,200 ஆகி, ஒரு லட்சம் லிமிட்டில் நின்றுவிடும்.