ஒரே பேரீச்சை, இரண்டு பேரரசர்கள்: வெஸ்பாசியன் காசா, நெர்வா காசா?

ரோமர்களின் செஸ்டெர்ஷியஸை வெண்கலக் காசு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பேரரசுக் காலத்தில் அது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. எடை சுமார் 25 கிராம். நான்கு சேர்ந்தால் ஒரு வெள்ளி தெனாரியஸ். பரப்பு பெரியது என்பதால் அரசியல் பேச அதில் நிறைய இடம் இருந்தது. பேரீச்சை மரம் பொறித்த இரண்டு பேரரசர்களின் காசுகளில் எது மேல் என்பதுதான் இங்கே கேள்வி.

கி.பி. 71-இல் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்ட 'யூதேயா காப்டா' காசில் நடுவே பேரீச்சை மரம். யூதேயா என்பது எருசலேமைச் சுற்றிய யூதர்களின் நாடு. அதன் அடியில் குனிந்து அழும் பெண். மறுபக்கம் கைகள் கட்டப்பட்ட கைதி. சில அச்சுகளில் அந்த இடத்தில் ஈட்டியோடு பேரரசரே நிற்கிறார். 'யூதேயா பிடிபட்டது' என்று எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாதவருக்கும் விஷயம் புரிந்துவிடும். அந்த மரமும் ரோமை எதிர்த்த யூதக் கலகக்காரர்கள் தங்கள் காசில் பொறித்திருந்த அதே சின்னம்தான்.

ஆனால் யூதேயா கி.பி. 6-இலேயே ரோமின் மாகாணமாகிவிட்டது. 70-இல் எருசலேம் வீழ்ந்தது, ஒரு கலகம் ஒடுக்கப்பட்ட கதை. அதைப் புதிதாக நாடு பிடித்ததுபோல் காட்ட வேண்டிய கட்டாயம் வெஸ்பாசியனுக்கு இருந்தது. பேர் சொல்லும் பரம்பரை கிடையாது. ரோமரை ரோமரே கொன்ற உள்நாட்டுப் போரில் அரியணை ஏறியவர். அந்த ரத்தத்தை மறக்கடிக்க அந்நியரை வென்ற பெருமை தேவைப்பட்டது.

சரி, நெர்வா காசு? கி.பி. 96. மரம் மட்டும்தான்; கைதியும் இல்லை, அழுகையும் இல்லை. சுற்றிலும் 'யூத வரியின் பேரில் நடந்த பொய்க் குற்றச்சாட்டு நீக்கப்பட்டது' என்ற வாசகம். எருசலேம் கோயிலுக்குப் போன காணிக்கையை இரண்டு தெனாரியஸ் வரியாக்கி ஜூபிடர் கோயிலுக்குத் திருப்பியவர் வெஸ்பாசியன். நெர்வாவுக்கு முன் ஆண்ட அவர் மகன் டொமிஷியன் காலத்தில் வசூல் கொடுமையானது. கூட்டம் நிறைந்த சபையில் 90 வயது முதியவர் யூதரா என்று அறிய, விருத்தசேதனம் செய்தவரா எனச் சோதிக்கப்பட்டதை இளவயதில் பார்த்ததாக ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார்.

காட்சி வலிமையில் வெஸ்பாசியன் காசுதான் முந்துகிறது. நெர்வா காசை வாசிக்காமல் புரிந்துகொள்ள முடியாது. டொமிஷியனோ கொலையுண்டு, செனட்டாலும் பழிக்கப்பட்டவர். அவர்மேல் குற்றம் சுமத்தத் தைரியமும் வேண்டியதில்லை. இருந்தும் என் தேர்வு நெர்வாதான். அரசின் பெயரால் அநியாயம் நடந்ததைக் கைக்குக் கை மாறும் காசிலேயே ஒப்புக்கொள்வது அபூர்வம். வரியை அவர் ரத்து செய்யவில்லை. செய்ததாக அந்தக் காசும் சொல்லவில்லை.