1865ஆ, 1965ஆ: அமெரிக்க மக்களைப் புரட்டிப்போட்ட ஆண்டு எது?

அமெரிக்க வரலாற்றின் பெரிய திருப்பம் எது என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் பிரிட்டனிடமிருந்து விடுதலையை அறிவித்த 1776 என்பார்கள். நான் அதைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஆள்பவர்கள் மாறினார்கள், சரி. தெற்கின் தோட்டங்களில் அடிமையாக இருந்தவர் மறுநாளும் அடிமையாகத்தான் இருந்தார். 'அமெரிக்க மக்கள்' என்பதில் யார் யார் சேர்த்தி என்ற கணக்கை மாற்றிய ஆண்டுகளைத் தேடினால் இரண்டுதான் மிஞ்சுகின்றன: உள்நாட்டுப் போர் முடிந்த 1865; வாக்குரிமைச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் அடுத்தடுத்து வந்த 1965.

1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்போமாட்டாக்ஸ் கோர்ட் ஹவுஸ் என்ற சிற்றூரில், வில்மர் மெக்லீன் என்பவரின் வீட்டு வரவேற்பறையில், தென்பகுதித் தளபதி ராபர்ட் லீ வடபகுதித் தளபதி கிராண்ட்டிடம் சரணடைந்தார். போரின் முதல் பெரிய சண்டை தன் பண்ணைப் பக்கமே நடந்துவிட, பிறகு இந்த ஊருக்குக் குடிமாறி வந்தவர் இந்த மெக்லீன். சண்டை இங்கேயும் அவரைத் தேடி வந்து, கடைசியில் அவர் வீட்டுக் கூடத்தில் முடிந்தது! சரணடைவு நிபந்தனைகளைத் தன் கையால் நல்ல பிரதி எடுத்தவர் ஈலி பார்க்கர் என்ற அதிகாரி. செனெகா பழங்குடியைச் சேர்ந்தவர். சட்டம் படித்திருந்தும், குடிமகன் இல்லை என்று சொல்லி அவரை வழக்கறிஞராக விடவில்லை. பழங்குடியினர் எல்லோருக்கும் குடியுரிமை கிடைக்க 1924 வரை ஆனது. 1865 யாரை விட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் அந்த அறையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது.

அந்த டிசம்பரில் 13வது சட்டத்திருத்தம் நிறைவேறியது. போரும் திருத்தமும் சேர்ந்து விடுவித்தவர்கள் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர். லிங்கனின் 1863 பிரகடனமே எல்லோரையும் விடுவித்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது கென்டக்கி, டெலாவேர் போன்ற மாநிலங்களுக்குப் பொருந்தவில்லை. அங்கே அடிமைமுறைக்கு முடிவு கட்டியது இந்தத் திருத்தம்தான். அப்புறம் 1868இல் 14வது திருத்தம்: அந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன். 1870இல் 15வது: நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது. இவை இரண்டையும் 1865இன் கணக்கில்தான் வைக்கிறேன்.

சட்டம் மாறியது, நிலம் கைமாறவில்லை. வடபகுதி ஜெனரல் ஷெர்மன் 1865 ஜனவரியில் கடலோர நிலங்களை விடுதலையான அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கினார்; லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டிலேயே பெரும்பகுதியைப் பழைய முதலாளிகளிடம் திருப்பிக் கொடுத்தார். 1877இல் தெற்கில் காவலுக்கு இருந்த மத்தியப் படைகளும் கையைக் கழுவிக்கொண்டன. வாக்களிக்கத் தனி வரி, எழுத்தறிவுச் சோதனை என்று ஒவ்வொன்றாக வந்து, 15வது திருத்தம் தெற்கில் ஏட்டுச் சுரைக்காயாகிப் போனது.

1965இன் பலம் இந்த இடத்தில்தான். மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மாவில், எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. ஊர்வலத்தை முன்நின்று நடத்திய ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஆகஸ்ட் 6 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மிசிசிப்பியில் அதற்கு முன் வாக்காளராகப் பதிவு செய்திருந்த கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். இரண்டே ஆண்டுகளில் அது ஏறக்குறைய 60. பாகுபாட்டுக்குப் பேர்போன பகுதிகள் தேர்தல் விதியைத் தொட வேண்டுமானால் முன்கூட்டியே வாஷிங்டனின் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனைதான் இதன் பல். 1865க்கு இல்லாமல் போனது அதுதான்.

இன்னொரு சட்டம் சத்தமில்லாமல் வந்தது. அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையடியில் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜான்சன், இது ஒன்றும் புரட்சிகரமான சட்டம் இல்லை என்றே பேசினார். எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்று பூர்வீகத்தைப் பார்த்து வகுத்த 1924இன் ஒதுக்கீட்டை அது ஒழித்தது. உறவினருக்கு முன்னுரிமை கொடுத்தால் ஐரோப்பியர்களே தொடர்ந்து வருவார்கள் என்று ஒஹாயோவின் நாடாளுமன்ற உறுப்பினர் மைக்கேல் ஃபீகன் கணக்குப் போட்டார். வந்தவர்களோ ஆசியர்களும் லத்தீன் அமெரிக்கர்களும். 1946 முதல் ஆண்டுக்கு 100 பேர் என்றிருந்த இந்திய ஒதுக்கீடு, நாட்டுக்கு 20,000 என்ற உச்சவரம்பாக மாறியது. டாக்டர்களும் இன்ஜினியர்களுமாகத் தமிழர்கள் அங்கே போய்க் குடியேற வழி திறந்தது இதற்குப் பிறகுதான். ஆனால் அங்கே பிறந்த அவர்கள் பிள்ளைகள் குடிமக்களானது 1868இன் திருத்தத்தால்.

என் ஓட்டு 1865க்கு. வாக்குரிமைச் சட்டத்தின் முழுப்பெயரே அது 15வது திருத்தத்தை அமலாக்கும் சட்டம் என்றுதான் சொல்கிறது. அடித்தளம் 1870இல் போட்டது; கட்டடம் எழும்பத்தான் 95 ஆண்டுகள் ஆயின. அந்தக் கட்டடத்தின் முக்கியத் தூணை 2013இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற ஒரே தீர்ப்பில் சாய்த்தது. முன் அனுமதி நிபந்தனை அதோடு செயலற்றுப்போனது. திருத்தத்தை அப்படி அசைக்க முடியாது. மாற்ற வேண்டுமானால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். பிறப்புரிமைக் குடியுரிமையில் 2025இல் டிரம்ப் ஆணை போட்டுக் கைவைத்தார். அது உடனே நீதிமன்ற வழக்கானதற்குக் காரணமும் அதே 14வது திருத்தம்தான்.

நியூ ஜெர்சித் தமிழர்களிடம் ஓட்டெடுத்தால் 1965தான் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன். நியாயம்தான். ஆனால் அவர்களை இத்தனை வருடமாக கிரீன் கார்டு வரிசையில் நிறுத்திவைத்திருக்கும் நாட்டுவாரி உச்சவரம்புக்கும் அதே சட்டம்தான் தொடக்கம்.