ஊழியரைத் திடப்படுத்துவதா, பணிச்சூழலைத் திருத்துவதா?

ஊழியர்களின் மனநலத்துக்கென்று நிர்வாகம் பணம் ஒதுக்கும்போது இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. ஒன்று, ஆளைத் திடப்படுத்துவது: தியானச் செயலி, யோகா வகுப்பு, மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி, ஆலோசகரின் தொலைபேசி எண். மற்றது, வேலையைத் திருத்துவது: சுமையைக் குறைப்பது, முடிவெடுக்கும் உரிமையைக் கீழே கொடுப்பது, மேலாளர்கள் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றுவது. முதல் வழியை எடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிடும் நிறுவனங்கள் ஏராளம். வரிசையே தவறு என்பது என் உறுதியான கருத்து.

முதல் வழியின் கவர்ச்சி புரியக்கூடியதுதான். விலைக்கு வாங்கலாம், அடுத்த வாரமே தொடங்கலாம், யாருடைய அதிகாரமும் குறையாது. ஆனால் பலன்? பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை அலசி வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. தொண்டுப்பணி வாய்ப்பு மட்டும் விதிவிலக்கு. ஒரே காலத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் இதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும், செயலிக்குப் பணம் கட்டும் முன் எந்த நிர்வாகமும் படிக்க வேண்டிய முடிவு இது.

இரண்டாவது வழிக்கு ஆதாரம் நெடுங்காலமாகச் சேர்ந்திருக்கிறது. வேலையின் நெருக்கடி மிகுந்து, அதில் தானே முடிவெடுக்கும் உரிமை குறையும்போதுதான் மனம் அதிகம் நைகிறது என்று ராபர்ட் கரசெக் 1979-இலேயே எழுதினார். லண்டன் அரசு அலுவலர்கள் 10,308 பேரை 1985 முதல் பின்தொடர்ந்த வைட்ஹால் 2 ஆய்வில், அந்த உரிமை குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. அவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தாலும், எந்தக் கோப்பை முதலில் முடிப்பது என்பதைக்கூட இன்னொருவர்தான் தீர்மானித்திருப்பார்.

வேலையில் ஈடுபாட்டைப் பொறுத்தவரை இரு வழிகளுக்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிது. 2001-இல் டெமரூட்டி, பாக்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் முன்வைத்த கோட்பாட்டு மாதிரி ஒன்று, வேலையின் நெருக்கடிகளையும் வேலை தரும் வளங்களையும் தனித்தனியே பார்க்கிறது. ஓயாத நெருக்கடி ஆளைச் சோர்வுக்குத் தள்ளுகிறது. மேலாளரின் ஆதரவு, செய்த வேலை எப்படி இருந்தது என்ற தெளிவான பின்னூட்டம், கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஆகியவை குறையும்போது வேலையிலிருந்து மனம் விலகுகிறது. செயலியும் யோகாவும் அதிகபட்சம் சோர்வைச் சற்றுத் தணிக்கும். மேற்சொன்ன வளங்களில் ஒன்றைக்கூட அவற்றால் தர முடியாது. அழுத்தம் குறைந்தும் ஆர்வம் திரும்பாத ஊழியர்கள் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்பான மேலாளர் கிடைத்துவிட்டால் சூழல் சரியாகிவிட்டதாக எண்ணுகிறோம். அவர் மாற்றலாகிப் போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பினால், அங்கே இருந்தது ஒரு நல்ல மனிதர் மட்டுமே. மௌரீன் டொலார்டும் அர்னால்ட் பாக்கரும் 2010-இல் விளக்கிய ‘உளநலப் பாதுகாப்புச் சூழல்’ என்ற கருத்து மேலிடத்தையே நேராகக் கேட்கிறது: ஊழியரின் மனநலத்தில் தலைமைக்கு உறுதி உண்டா? உற்பத்திக்கு இணையான இடம் அதற்கு உண்டா? குறை சொன்னால் காதில் விழுகிறதா? தீர்வு காண்பதில் ஊழியர்களுக்குப் பங்கு உண்டா? இதை அளக்க 12 கேள்விகள் போதும். 60-க்குக் குறைந்தது 41 கிடைத்தால் ஆபத்து குறைவு என்று கொள்கிறார்கள்.

இரண்டாவது வழி எளிது என்று சொல்லமாட்டேன். மெதுவானது, இலக்குகளையும் ஆள் எண்ணிக்கையையும் தொட வேண்டியிருக்கும், சில மேலாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஏற்கெனவே மனச்சோர்வு நோயிலோ பதற்றத்திலோ விழுந்துவிட்டவருக்கு, வீட்டில் இழப்பைச் சந்தித்தவருக்கு, முதல் வழியே வேண்டும். சுமை குறையும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்வது கொடுமை. ரகசியம் காக்கும் ஆலோசனையும் சிகிச்சையும் அவருக்கு உடனே கிடைக்க வேண்டும். அங்கும் சூழல் குறுக்கிடத்தான் செய்கிறது. விடுப்புக் கேட்டவரைப் பலவீனர் என்று பேசும் அலுவலகத்தில் அந்த ஆலோசகரின் எண்ணை யார் அழைப்பார்கள்?

உலக சுகாதார அமைப்பு 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களில் வேலையைத் திருத்துவது, மேலாளர்களுக்குப் பயிற்சி, ஊழியர்களுக்குத் தனிப்பட்ட உதவி ஆகிய மூன்றும் இடம்பெற்றுள்ளன. மூன்றுக்கும் பணம் இருந்தால் மூன்றையும் செய்யலாம். இல்லையென்றால் என் தேர்வு இது: ஆலோசனைச் சேவையை மட்டும் வைத்துக்கொண்டு, செயலிக்கான சந்தாவை நிறுத்தி, மிக அதிகம் தவிக்கும் குழுவுக்கு அந்தத் தொகையில் கூடுதல் ஆள் சேர்ப்பேன். எந்த வேலையைக் கைவிடலாம் என்பதை அந்தக் குழுவினரையே தீர்மானிக்கச் சொல்வேன்.