பிரேட்டரின் கண்ணாடிப் பெட்டிகள்: மும்பை அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுக் கூடம்

மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம், பழைய பெயரில் சொன்னால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகம். அங்கே வருகிறவர்களில் பலர் சிற்பங்களையும் சிற்றோவியங்களையும் பார்த்து முடித்து, கால் ஓய்ந்த பிறகே இயற்கை வரலாற்றுக் கூடத்துக்குள் நுழைகிறார்கள். குழந்தைகளோடு செல்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் முதல் பரிந்துரை. 1922இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் குவிமாடத்தைப் புகழ ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இந்த ஒரு கூடத்தையும், அதற்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவரான ஸ்டான்லி ஹென்றி பிரேட்டரையும் பற்றிப் பேச அவ்வளவு பேர் இல்லை.

பிரேட்டர் 1890இல் நீலகிரியில், ஒரு காப்பித் தோட்டக்காரரின் மகனாகப் பிறந்த ஆங்கிலோ இந்தியர். பம்பாயில் படித்துவிட்டு 1907இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், 1923 முதல் 1947 வரை அதன் காப்பாட்சியராக இருந்தார். இந்தக் கூடத்தை அமைக்க அருங்காட்சியகத்துக்கு உதவியது 1883இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம்தான். அது சேர்த்து வைத்திருந்த தோல்களும் எலும்புகளும் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரும் செல்வம்தான். ஆனால் எண்ணிட்டு இழுப்பறையில் அடுக்கிய ஒரு தோலிலிருந்து பள்ளிச் சிறுவன் என்ன தெரிந்துகொள்வான்? இந்தக் கேள்விக்கு விடை தேடியே பிரேட்டர் 1920களில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, விலங்குகளைப் பாடம் செய்யும் முறைகளையும் அங்குள்ள அருங்காட்சியகங்கள் அவற்றைக் காட்சிக்கு வைக்கும் விதத்தையும் பார்த்து வந்தார் என்று நான் எண்ணுகிறேன். அந்தப் பயணங்களின் பலன்தான் இன்று நாம் பார்க்கும் டயோரமாக்கள், அதாவது பாடம் செய்த விலங்கை அதன் வாழிடச் சூழலோடு கண்ணாடிப் பெட்டிக்குள் காட்டும் காட்சிகள்.

டயோரமா எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் சுவை இரட்டிப்பாகும். பொதுவாக இத்தகைய பெட்டிகளில் பின்சுவரை மூலையே தெரியாதபடி வளைத்துக் கட்டி, அதில் தொலைவான நிலத்தையும் வானத்தையும் தீட்டுவார்கள். முன்பக்கம் மண்ணும் கல்லும் புல்லும் இருக்கும். விளக்குகள் கண்ணில் படாமல் மேலே ஒளிந்திருக்கும். தரை எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாற வேண்டும்; அந்தத் தடுமாற்றத்தில்தான் ஓவியரின் வெற்றி இருக்கிறது. விலங்கின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்த காலம் போய், உடலின் தசைவாகைப் பார்த்துச் செதுக்கிய உருவத்தின் மேல் தோலைப் போர்த்தும் முறை வந்த பிறகே, நின்று திரும்பிப் பார்க்கும் காட்டெருதின் தோளில் திமிர் தெரியத் தொடங்கியது.

பூநாரைகள், காட்டெருது, புலி எல்லாம் இருந்தாலும், நான் அதிக நேரம் நிற்கச் சொல்வது இருவாச்சியின் முன்னால். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலைத் தன் எச்சத்தையும் கையில் கிடைத்த மண்ணையும் கொண்டு பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கும். ஆண் பறவை வாரக்கணக்கில் அத்திப்பழங்களைக் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்டும். ஆண் வேட்டையாடப்பட்டால் உள்ளே இருக்கும் குடும்பத்தின் கதி என்ன, பெரிய மரங்களை வெட்டினால் பொந்துக்கு எங்கே போவது என்ற கேள்விகளைக் குழந்தைகள் தாமாகவே கேட்டுவிடுகிறார்கள். (பறவைக்குக் கை ஏது என்று ஒரு சுட்டிப் பயல் கேட்டாலும் வியப்பில்லை.)

இந்த வகைக் கூடத்துக்கு உள்ள வரம்பையும் சொல்லிவிட வேண்டும். அசையாத விலங்கு, ஓசையில்லாத காடு. கைப்பேசியில் புலி பாய்வதைப் பார்த்துப் பழகிய பிள்ளை, அருகே நின்று எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாவிட்டால், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். இதை அருங்காட்சியகம் அன்றே அறிந்திருந்தது. 1926இல் இந்த இயற்கை வரலாற்றுப் பிரிவுக்கு வழிகாட்டி விரிவுரையாளர் ஒருவரை அமர்த்தினார்கள். அவர்தான் பின்னாளில் பறவையியலாளராகப் புகழ்பெற்ற சலீம் அலி. இரண்டே ஆண்டில் அந்த வேலை அவருக்கு அலுத்துப்போய், பறவையியல் கற்க பெர்லினுக்குச் சென்றார் என்பதும், திரும்பி வந்தபோது நிதியில்லை என்று அந்தப் பணியிடமே நீக்கப்பட்டிருந்தது என்பதும் வரலாறு. வேலை போனதால் மும்பைக்கு அருகேயுள்ள கிஹிம் கடற்கரைக்குக் குடிபெயர்ந்து தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தது அவருக்கு நல்லதாகவே முடிந்தது, கூடத்துக்குத்தான் இழப்பு.

பிரேட்டர் அரசியல் நிர்ணய சபையிலும் ஆங்கிலோ இந்தியர்களின் பிரதிநிதியாக இருந்தவர். இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1948இல் வந்தது. பின்னர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து 1960இல் அங்கேயே இறந்தார். கூடத்தைப் பார்த்த பிறகு அந்த நூலைப் புரட்டினால், இரண்டும் ஒரே ஆசிரியரின் பாடங்கள் என்பது புலப்படும்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இப்படியொரு தொகுப்பை யாரும் எளிதில் புதிதாகத் தொடங்கிவிட முடியாது. பாடம் செய்த தோலும் இறகும் வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும் என்பதால், படம் எடுக்க அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் போடாதீர்கள். காலையில், கூட்டம் சேருமுன் செல்லுங்கள். சிறு பிள்ளைகளாக இருந்தால் நான்கைந்து பெட்டிகளோடு நிறுத்திக்கொண்டு, அந்த விலங்குகளின் கதையை முந்தின நாளே படித்து வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியின் வேலை உங்களுடையது.