ரெண்டு ஐபோன் வச்சு முட்டியை அளக்கற ஓபன்கேப் – மூணு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

எம்பிடி (பிசியோதெரபி மாஸ்டர்ஸ்) தீசிஸுக்கு முட்டி தேய்மானம்னு டாபிக் எடுத்துட்டேன், ஆனா எங்க காலேஜ்ல உடம்பு அசைவை அளக்கற மோஷன் லேப் கிடையாது. உடம்பு பூரா மார்க்கர் ஒட்டி, சுத்தி கேமரா மாட்டி, கால் தரையை எவ்ளோ அழுத்துதுன்னு அளக்கற ஃபோர்ஸ் பிளேட்டை தரைக்குள்ள பதிக்கறதெல்லாம் எங்களுக்கு கனவுதான். அப்பதான் சீனியர் அக்கா ஒருத்தங்க போன் வீடியோவை வச்சே உடம்பு அசைவைக் கணக்கு போடுற ஓபன்கேப்ங்கற சாஃப்ட்வேர் பத்தி சொன்னாங்க. ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில பண்ணது, 2023ல பேப்பர் வந்துச்சு, காலேஜ் ரிசர்ச்சுக்கு ஃப்ரீ. ரெண்டு ஐபோன், ரெண்டு ட்ரைபாட், ஒரு லேப்டாப், செக்கர்போர்டு (கறுப்பு வெள்ளை கட்டம்) பிரிண்ட் எடுத்த பேப்பர், அவ்ளோதான் செலவு. என் போனும் அண்ணனோட போனும் போதுமா இருந்துச்சு.

லேப்டாப்ல வர்ற க்யூஆர் கோடை ரெண்டு போன்லயும் ஸ்கேன் பண்ணி, செக்கர்போர்டை வச்சு காலிப்ரேட் பண்ணி (ரெண்டு கேமராவும் எங்க இருக்குன்னு அதை வச்சுத்தான் கணக்கு போடும்), ஆளோட உயரம் எடை போட்டு நேரா நிக்க வச்சு ஒண்ணு எடுத்துட்டா போதும், அப்புறம் என்ன மூவ்மென்ட் வேணுமோ ரெக்கார்ட் பண்ணலாம். வீடியோ கிளவுடுக்குப் போயி மூட்டெல்லாம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு ஓபன்சிம்ங்கற எலும்பு-தசை கம்ப்யூட்டர் மாடல்ல பொருத்தி அனுப்பும், ஸ்கிரீன்ல அந்த ஆளு எலும்புக்கூடா எந்திரிச்சு நடப்பாங்க. முதல் தடவை பாத்தப்ப எனக்கு புல்லரிச்சுருச்சு.

முதல்ல எடுத்தது எங்கம்மாவைத்தான். அம்மாவுக்கு 61 வயசு, வலது முட்டி. சேலையோட எடுத்தா முட்டி எங்க இருக்குன்னு கேமராவுக்கு எப்படித் தெரியும், அதனால என் லெக்கின்ஸை போடச் சொன்னேன், கூச்சப்பட்டாங்க, கதவைச் சாத்திட்டு எடுத்தோம். சேர்ல இருந்து எந்திரிக்கறப்ப உடம்பை ரொம்ப முன்னாடி சாய்ச்சு, பாரத்தை இடது காலுக்கு தள்ளித்தான் எந்திரிக்கறாங்க. முன்னாடி சாஞ்சா முட்டியை நீட்டுறதுக்கு தொடைத்தசை போட வேண்டிய வேலை குறையும், அந்த வேலையை இடுப்பு ஏத்துக்கும். இத்தனை வருஷமா அம்மா அப்படித்தான் எந்திரிக்கறாங்க, கூடவே இருந்தும் நான் கவனிச்சதில்ல, கிராஃப்ல பாத்தப்ப மனசு என்னமோ மாதிரி ஆயிருச்சு.

இப்ப துல்லியத்துக்கு வர்றேன், இதுதான் முக்கியம். அவங்க பேப்பர்லயே மூட்டுக் கோணத்துல சராசரியா 4.5 டிகிரி பிழை இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அதனால எக்சர்சைஸுக்கு முன்னாடி பின்னாடின்னு 3 டிகிரி வித்தியாசம் வந்தா அதை முன்னேற்றம்னு தீசிஸ்ல எழுதாதீங்க ப்ளீஸ். பதினஞ்சு டிகிரி மாறுச்சுன்னா தைரியமா பேசலாம். இன்னொண்ணு, முட்டிக்குள்ள விழுற பாரம் மாடல் போடுற கணக்குதான், நேரா அளந்தது இல்ல. நேரா அளக்கணும்னா பெர்லின்ல இருக்கற சாரிட்டே ஆஸ்பத்திரி ரிசர்ச் குரூப் பண்ண மாதிரி சென்சார் வச்ச செயற்கை முட்டியே பொருத்தணும். அதுல நடக்கறப்ப உடம்பு எடையைப் போல சுமார் 2.6 மடங்கு, படி இறங்கறப்ப சுமார் 3.5 மடங்குன்னு வந்துச்சு. முட்டி வலிக்காரங்க படியைக் கண்டா ஏன் பயப்படுறாங்கன்னு இதுலயே புரியும்.

சம்மணம் போட்டு உக்காந்து எந்திரிக்கறதுக்கு நான் இதை யூஸ் பண்ணல. ஒரு கால் இன்னொரு காலை மறைச்சிரும், மறைஞ்சதை கேமரா ஊகிக்கத்தான் முடியும். நம்மாளுங்களுக்கு அதுதான் தினசரி வேலைங்கறதால எனக்கு இது பெரிய குறைதான். சேர்ல எந்திரிக்கறது, ஸ்குவாட், நடை, இதுக்கெல்லாம் தாராளமா எடுங்க.

கிளினிக் வச்சு காசு வாங்குறவங்களுக்கு இந்த ஃப்ரீ லைசன்ஸ் செல்லாது, தனியா கேட்டு வாங்கணும். அப்புறம் செக்கர்போர்டு பேப்பரை வளையாத அட்டையில சுருக்கமில்லாம ஒட்டிட்டு ஆரம்பிங்க, நான் முதல் நாள் வெறும் பேப்பரை சுவத்துல செல்லோடேப் போட்டு ஒட்டுனேன், ஃபேன் காத்துல லேசா வளைஞ்சுது, அன்னிக்கு எடுத்த அஞ்சு பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிருச்சு.